வாலுக்கு ஒரு விரல் மஞ்சள்

இது நடந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். இடம், பல்லடத்துக்குத் தெற்கே என் சின்னம்மாவின் தோட்டம். தைப் பொங்கலன்று நடுப்பகலில் தொடங்கி, மறுநாள் பட்டிப் பொங்கலன்று பொழுது சாய்வதற்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போதே இதை எழுதியிருந்தால் இரண்டு பேருடைய பிழைப்புப் போயிருக்கும். இப்போது ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டார். அதனால் எழுதலாம் என்று தோன்றுகிறது.

என் தகப்பனார் கோயமுத்தூரில் கிணற்றுப் பம்புகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். சென்னையில் யந்திரப் படம் வரையும் பரீட்சைகளில் தேறிவிட்டு வந்தவள் நான். பட்டறைக்கு வேண்டிய படங்களை வரைவது என் வேலை. ஒரு சாமான் மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, குறுக்கே அறுத்தால் எப்படி என்று மூன்று விதமாகத் தாளில் இறக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எது நடந்தாலும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுவிடுவேன். "அழுகறதுன்னாலும் நம்பர் போட்டுத்தான் அழுகுவா" என்று என் தம்பி கேலி செய்வான்.

அந்த வருஷம் சித்தப்பா சிறையில் இருந்தார். அந்நியத் துணிக் கடை முன்னால் மறியல் செய்ததற்காக அவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். சின்னம்மாவுக்குக் குழந்தைகள் இல்லை. பண்டிகை நாளில் தனியாக இருக்க வேண்டாம் என்று வீட்டில் என்னை அனுப்பி வைத்தார்கள்.

பொங்கல் பானையை அடுப்பிலிருந்து இறக்கிய நேரம். எங்கோ அரிசி மில் ஓடுவது போல ஒரு சத்தம். அந்தப் பக்கத்தில் அரிசி மில் கிடையாது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதலில் நிழல்தான் வந்தது. வீட்டுக் கூரையில் ஏறி, வாசலில் இறங்கி, மாடுகளின் முதுகில் தவழ்ந்து, கொறங்காட்டுக்குள் போனது. கொறங்காடு என்பது எங்கள் பக்கத்தில் கிளுவை வேலி கட்டி, மாடு மேய்வதற்கென்றே விட்டு வைக்கும் புல்காடு. தன் நிழலைத் துரத்திக்கொண்டு வந்தது போல ஓர் ஏரோப்பிளேன் வந்து, இரண்டு முறை துள்ளி, வெள்வேல மரத்துக்கு இப்பால் நின்றது. சத்தம் அடங்கியதும், காதில் பஞ்சு வைத்தது போல உலகம் முழுவதும் மெத்தென்று ஆகிவிட்டது. எனக்கு அது இன்றுவரை ஒரு கனவின் ஆரம்பம் போலத்தான் நினைவிருக்கிறது.

இறங்கி வந்தவர் மெலிந்த இளைஞர். சென்னைக்காரர். பறக்கும் சங்கம் ஒன்றின் விமானம் அது. சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்குவதென்றால் தனியாக ஒரு நீண்ட பயணத்தை முடித்துக் காட்ட வேண்டுமாம். அவர் அந்தப் பயணத்தில் இருந்தார். பெங்களூர் போய், கோயமுத்தூர் வந்து, திருச்சி வழியாகத் திரும்ப வேண்டும். பெட்ரோல் குழாயில் தூசி அடைத்து இயந்திரம் திக்கியதால் இறங்கிவிட்டார்.

"தண்ணி கிடைக்குமா அம்மா? குழாயை ஊதிவிட்டுக் கிளம்பிடுவேன்" என்றார்.

பண்டிகை நாளில் வாசலுக்கு வந்தவருக்கு வெறும் தண்ணீரா கொடுப்பாள் சின்னம்மா! இலை போட்டாள். அவர் இரண்டாம் தடவை பொங்கலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது கொறங்காட்டுப் பக்கம் சர்ரென்று துணி கிழிகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போனோம். விமானத்தின் வாலைச் சுற்றி மாடுகள் நின்றிருந்தன. அதன் உடம்பும் இறக்கையும் துணியால் ஆனவை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. துணியை இழுத்துப் பிடிப்பதற்காக அதன்மேல் 'டோப்' என்று ஒரு வகை வார்னிஷ் பூசுகிறார்கள். பழுத்த வாழைப்பழ வாசம் அடிக்கும். வாலில் மட்டும் பெங்களூரில் புதிதாகப் பூசியிருந்தார்கள். எங்கள் செவலைப் பசு வாழைப்பழம் என்றால் வேலி தாண்டும். திசை திருப்புகிற நிமிர்ந்த வால் பலகையின் துணி முழுவதையும் உரித்து, கடைசித் துண்டை வாயில் வைத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் தெரிந்தன.

"என்ன தம்பி படம் அதுல?" என்று கேட்டாள் சின்னம்மா.

"யூனியன் ஜாக்" என்றார் அவர், தலையில் கை வைத்துக்கொண்டு. பெங்களூரில் ஒரு விழாவுக்காக வெள்ளைக்காரர் கொடியை வாலில் தீட்டியிருந்தார்களாம்.

சின்னம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சித்தப்பா சிறைக்குப் போன பிறகு அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிச்சமிருந்த எலும்புக்கூட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். மரச்சட்டம் பழுதில்லை. வேண்டியவை: நெருக்கமாக நெய்த துணி, மெழுகு நூல், நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒருவர், டோப். டோப் ஒரு டப்பா அவருடைய பெட்டியிலேயே இருந்தது. தைப்பதற்குப் பல்லடத்திலிருந்து பாய் ஒருவரை வண்டி அனுப்பி அழைத்து வந்தோம். பஸ்ஸுக்கும் மோட்டாருக்கும் மேல்கூடு தைப்பவர். வந்தவர் வாலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நோம்பி நாளும் அதுவுமா ஏரோப்பிளானுக்குக் கோவணம் கட்டோணும்னா கூப்புட்டீங்க?"

துணிக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. அந்த வீட்டில் கதரைத் தவிர வேறு துணி கிடையாது. இருந்ததெல்லாம் முரட்டு நூல். விமானி ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்து, உதவாது என்று தலையசைத்தார்.  சின்னம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு வேட்டியை எடுத்து வந்தாள். மெல்லிய நூல், நெருக்கமான நெசவு. சித்தப்பா விடுதலையாகி வரும் நாளுக்கென்று வாங்கி வைத்திருந்தது.

"சின்னம்மா, இது..." என்றேன்.

"அவுங்க வாரப்ப வேற வாங்கிக்கலாம் கண்ணு. இந்தத் தம்பி ஊடு போய்ச் சேரோணுமில்ல?"

தாளில் அளவு வெட்டிக் கொடுத்தேன். பாய் தலையணை உறை போல இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்து, சட்டத்தில் மாட்டி, விலா எலும்புகளோடு மெழுகு நூலால் கட்டினார். பழைய துணியில் தையல் எவ்வளவு இடைவெளியில் இருந்ததோ அதே இடைவெளி. விமானி டோப் பூசினார். துணி மெல்ல மெல்ல இறுகி, தட்டினால் உறுமி போல முழங்கியது. மறுபடி மாடு வாய் வைத்துவிடக் கூடாதே என்று விமானத்தைத் தள்ளி வந்து பட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் முள் படல் சாத்தினோம். இந்தப் பக்கம் பட்டியில் மாடுகள், அந்தப் பக்கம் படலுக்குள் விமானம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலை விமானி விமானங்களைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு தேசத்து விமானத்துக்கும் உடம்பில் எழுத வேண்டிய எழுத்துகள் உண்டு. நம் நாட்டுக்கு வி.டி. அது 'வைசிராய்ஸ் டெரிட்டரி', அதாவது வைசிராயின் பிரதேசம் என்பதன் சுருக்கம் என்று சங்கத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். ஆனால் வால் பலகைக்கு அப்படி விதி ஒன்றும் இல்லை. அங்கே அவரவர் தங்கள் மனத்தில் இருப்பதைத் தீட்டிக்கொள்வார்கள். கராச்சியில் அவர் பார்த்த பிரெஞ்சு விமானத்தின் வாலில் அவர்கள் கொடியின் மூன்று நிறமும் நெட்டுக்குத்தாக இருந்ததாம். டச்சுக்காரர்களின் தபால் விமானத்திலும் அப்படியே. "வெகு தூரத்தில் புள்ளியாக வரும்போது எழுத்துத் தெரியாது. திரும்பும்போது வால் ஒரு நிமிஷம் வெயிலில் பளிச்சென்று அடிக்கும். யார் வீட்டு விமானம் என்று அப்போது தெரிந்துவிடும்."

"அப்ப நம்ம ஊட்டு வாலு எங்கீங்க தம்பி?" என்று கேட்டாள் சின்னம்மா.

 பாய் பீடியைத் தட்டி அணைத்தார். வெளியே படலுக்குள், வெறும் வெள்ளைத் துணியாக நின்ற வால் மட்டும் அந்தி வெளிச்சத்தில் தெரிந்தது.

மறுநாள் பட்டிப் பொங்கல். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மாடுதான் சாமி. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பட்டிக்குள் சாணியால் வரப்புக் கட்டி, தெப்பக்குளம் என்று சின்னதாக ஒரு குளம் செய்து, அதை மிதித்துத் தாண்டவைப்போம். மாடு மட்டுமல்ல, உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்றைக்கு வர்ணம் உண்டு. ஏர், வண்டி நுகம், மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைக்கிற உருளை எல்லாம்.

நான் எழுந்து வந்தபோது சின்னம்மா வேலையை முடித்திருந்தாள். மாடுகளின் கொம்பில் அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, நுனியில் காவி. ஏர் முனையிலும் அப்படியே. நுகத்திலும் அப்படியே. சித்தப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் வேறு நிறம் கிடையாது. படலுக்குள் போய்ப் பார்த்தேன்.

வாலில் மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. கோடு கொஞ்சமும் கோணாமல், விளிம்பு வரைக்கும், இரண்டு பக்கமும் அடித்திருந்தாள்.

இன்றைக்கு அந்தக் காங்கிரஸ் கொடியைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு அதைக் கையில் பிடித்ததற்கே ஆறு மாதம் போட்டார்கள்.

விமானி பின்னாலேயே வந்தார். வெகு நேரம் நின்று பார்த்தார். கையை நீட்டி, தொடுவதற்கு முன் இழுத்துக்கொண்டார். பிறகு அப்படியே சக்கரத்தருகில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வால் பழுதானதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சரி பண்ணிக் கொண்டு வந்தால் பாராட்டக்கூடச் செய்வாங்க. ஆனா இதோட யாராவது பார்த்து ஒரு வரி எழுதிட்டாங்கன்னா, லைசென்ஸ் கிடையாது. அப்புறம் ஆயுசுக்கும் தரைதான்" என்றார். சக்கரத்தைத் தடவியபடி, "அழிச்சிடுங்கன்னு சொல்லணும். வாய் வரலை" என்றார்.

சின்னம்மா வர்ணம் இருந்த தூக்குப் போசியும் குச்சியுமாக நின்றிருந்தாள். "நீங்கதான தம்பி சொன்னீங்க, அவங்கவங்க ஊட்டு வர்ணத்த அடிச்சுக்கறாங்கன்னு? அவுங்க வேட்டியில வேற எந்த வர்ணத்தப் பூசறது?"

நான் வழக்கம் போல வரிசை போட்டேன். ஒன்று, சுரண்டுவது: துணி கிழியும். இரண்டு, மேலே வேறு வர்ணம் அடிப்பது: வெள்ளையும் காவியும் தீர்ந்துவிட்டன, முழுவதும் பச்சை அடிக்கலாம், ஆனால் ஈரத்தின் மேல் அடித்தால் எண்ணெய் ஊறித் துணி தளர்ந்துவிடும். மூன்று, யாரும் பார்ப்பதற்குள் பறந்துவிடுவது: வர்ணம் காய நடுப்பகலாவது ஆக வேண்டும். நான்காவது வழி யோசித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது.

போலீஸ் இன்ஸ்பெக்டர். பண்டிகையானதால் கூட ஆள் இல்லை. முந்தின இரவே பல்லடம் பூராவும் செய்தி பரவியிருக்கும்; பாய் நல்லவர்தான், ஆனால் ஏரோப்பிளேனுக்கு உறை தைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

"ஏனுங்க, ஆகாசக் கப்பல் எறங்கியிருக்குதுன்னாங்க. எறங்கினா ரிப்போட்டு எழுதோணுமுங்க. அதானுங்க வந்தேன்."

ஐம்பதைத் தாண்டிய, கனத்த மீசைக்காரர். எங்கள் பக்கத்து மனிதர்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. விமானியின் காகிதங்களை வாங்கி நின்றபடியே படித்தார். இறக்கையைப் பார்த்தார். உடம்பில் இருந்த எழுத்துகளை எழுதிக்கொண்டார். பிறகு வால் பக்கம் வந்தார். பென்சில் நின்றுவிட்டது.

காற்று வீசியது. வால் ஒரு பக்கமாக மெல்லத் திரும்பி, மறுபடி நேரானது.

"இதுல முன்னால என்னங்க இருந்துது?"

விமானி பொய் சொல்லவில்லை. "யூனியன் ஜாக், சார்."

"அது எங்கீங்க?"

"மாடு தின்னுபோடுச்சுங்க" என்றாள் சின்னம்மா.

"எந்த மாடுங்க?"

"அதா, அந்தச் செவலைங்க."

எல்லோரும் திரும்பிச் செவலையைப் பார்த்தோம். அது மூன்று நிறக் கொம்போடு அவரைப் பார்த்தபடியே அசை போட்டது. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "மாட்டு மேல என்ன செக்சனுங்க போடறது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊட்டுக்காரர் இன்னும் உள்ளதானுங்களா?" என்றார் சின்னம்மாவிடம்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதானுங்களே வந்து கூட்டிட்டுப் போனீங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்தான் அவர்.  அவர் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"மூணு நெறம்னா எழுதோணுமுங்க" என்றார்.

"எழுதுங்க" என்றாள் சின்னம்மா.

  நான் முன்னால் போனேன்.  "இன்னைக்குப் பட்டிப் பொங்கலுங்க. உழைக்கறதுக்கெல்லாம் வர்ணம் அடிக்கற நாளு. ஏரப் பாருங்க, நுகத்தப் பாருங்க, எல்லாத்துக்கும் அடிச்சிருக்குது. இதுவும் படலுக்குள்ள நின்னுது, அடிச்சுபோட்டாங்க. இது கொம்பு வர்ணந்தானுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாடுகளை வரிசையாகப் பார்த்தார். மறுபடி வாலைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு அடிச்சதுன்னா, மஞ்சள் எங்கீங்க அம்மணி?"

எனக்குப் புரியவில்லை.

"செவலைக்கு நெத்தியில மஞ்சள் வெச்சிருக்கறீங்க. ஏருக்கு வெச்சிருக்கறீங்க. இதுக்கு மட்டும் வெக்காம உட்டுபோட்டீங்களே? மஞ்சள் வெக்காத உருப்படி பட்டிக்குச் சேருமுங்களா?"

சொல்லிக்கொண்டே நோட்டைப் பைக்குள் போட்டார். தொப்பியைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். பிறகு அந்தக் கனத்த மனிதர் குனிந்து, மெதுவாக, பூட்ஸ் இரண்டையும் அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து, பூசைத் தட்டுக்காகக் கையை நீட்டினார்.

நான் தட்டை எடுத்துப் போனேன். அவர் குழைத்த மஞ்சளில் ஒரு விரலைத் தோய்த்து, வாலின் நான்கு மூலையிலும் வைத்தார். பிறகு நடுவில் இருந்த வெள்ளையில், மேலிருந்து கீழாக, ஒரே விரலால் ஓர் இழுப்பு. அதன் நடுவில் குங்குமம். மூன்று நிறத்தில் ஒன்றைக்கூட அவர் மறைக்கவில்லை. அடுத்த பக்கம் போய் அதேபோல் செய்தார். ஈர வர்ணத்தின் மேல் கை அழுந்தாமல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

"இப்ப எண்ணிப் பாருங்க. அஞ்சு நெறம். மூணுன்னா கொடி. அஞ்சுன்னா பொங்கல்."

விரலைப் படலில் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டே எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: வாலிலிருந்த துணியை மாடு தின்றுவிட்டது, புதுத் துணி போட்டிருக்கிறது, பட்டிப் பொங்கலை முன்னிட்டு வழக்கமான பல நிறப் பூச்சு. அவ்வளவுதான்.

விமானி கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.  சின்னம்மா இன்ஸ்பெக்டரை மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான், அது உண்மையல்ல. ஆனால் அவர் தொப்பியை எடுக்கப் போனபோது, உள்ளே போய் வாழை இலையில் பொங்கலைக் கட்டிக்கொண்டு வந்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"ஊட்டுல கொழந்தைங்க இருந்தாக் குடுங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலி வரைக்கும் நடந்தே போனார். பூட்ஸைப் போட்டுக்கொள்ள மறந்து, பாதி தூரத்திலிருந்து திரும்பி வந்து எடுத்துப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு ஒரே வெளிச்சமாக நினைவிருக்கிறது. பட்டிக்குள் தெப்பக்குளம் கட்டி மஞ்சள் தண்ணீர் நிரப்பினோம். கன்று முதலில் தாண்டியது, பின்னால் மாடுகள். "பட்டி பெருக! பால் பானை பொங்க!" என்று சின்னம்மா குரல் கொடுத்தாள். கடைசியில் விமானத்தை நாலு பேர் தள்ளி வந்து அதன் சக்கரத்தையும் குளத்தில் நனைத்தோம்.

வர்ணம் காய்ந்ததும் விமானி என்னிடம் வந்தார். பழுது பார்த்த விமானத்தை முதலில் ஒரு சுற்றுப் பறந்து பார்க்க வேண்டுமாம். பழுது பார்த்தவரும் அதில் ஏற வேண்டும் என்பது அவர்கள் சங்கத்து வழக்கமாம். தையலுக்கு அளவு வெட்டியவள் நான், தைத்தவர் பாய்.

விமானம் பறப்பதைப் பார்க்க மறுபடி வந்திருந்த பாய் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். "மேல வாறதுக்கு அல்லா கூப்புடுவானுங்க. நானா எதுக்குங்க முன்னாலயே போயி நிக்கோணும்?"

நான் ஏறினேன். "மேல போயி, எந்த ஊர்ல மாப்பிள்ளை இருக்குதுன்னு பாத்துட்டு வா கண்ணு" என்றாள் சின்னம்மா. சொல்லும்போது அவள் கை என் முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தது.

தரை ஓடியது, பிறகு தரை இல்லை. அதுவரை நான் எத்தனையோ படங்களை மேலிருந்து பார்ப்பது போல வரைந்திருக்கிறேன். மேலிருந்து எதையும் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். கிளுவை வேலிகள் மெல்லிய பென்சில் கோடுகளாக இருந்தன. கிணறுகள் மைத் துளிகள். செம்மண் காடு ஒன்று, அடுத்து வெடித்த பருத்தி, அப்பால் தென்னந்தோப்பு. காவி, வெள்ளை, பச்சை என்று சத்தியம் செய்யலாம் போல் தோன்றியது. அதற்குள் விமானம் திரும்பி, களத்தில் காயப் போட்டிருந்த சோளமும், எருமை கிடந்த குட்டையும், யாரோ உலர்த்திய நீலச் சேலையும் வந்து எல்லாம் கலந்துவிட்டன. தெற்கே ஆனைமலை ஒரு நீலப் புகை.

எங்கள் நிழல் கீழே வந்துகொண்டிருந்தது. வரப்பு எது, வேலி எது என்று பார்க்காமல், ஒருவர் காட்டிலிருந்து இன்னொருவர் காட்டுக்குப் போனது. அதன் வாலும் தெரிந்தது. நிழலில் நிறம் எதுவும் இல்லை. திரும்பி நிஜ வாலைப் பார்க்க முயன்றேன். பின்னால் இருந்த விமானியின் தோள் மறைத்தது. உள்ளே இருப்பவர்களுக்கு வால் தெரியாது, அது பார்ப்பவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். கீழே பட்டி ஓரத்தில் எறும்பளவு ஓர் உருவம் நெற்றிக்கு மேல் கை வைத்து அண்ணாந்து நின்றிருந்தது. நாங்கள் திரும்பினோம். வெயில் வாலில் பட்டிருக்கும். அந்த உருவம் கையை இறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் விமானி கிளம்பிப் போனார். அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. அடுத்த வருஷம் பஸ்ஸில் வந்து சின்னம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போனார். திருச்சியில் யாரோ வாலைப் பார்த்து, "உங்க விமானத்துக்கும் பொங்கலா?" என்று சிரித்தார்களாம். சென்னையில் வாலுக்குச் சங்கத்தின் நீல வர்ணத்தை அடித்தார்கள். ஆனால் துணி நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. சித்தப்பா விடுதலையாகி வந்து இதைக் கேட்டதும், "என் வேட்டி இப்ப எந்த ஊருக்கு மேல பறக்குதோ" என்று சாப்பாட்டு நேரங்களில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்ஸ்பெக்டரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் திடீரென்று, "பூட்ஸக் கழட்டினாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இப்போதும் எப்போதாவது கோயமுத்தூர் வானத்தில் விமானம் போகும். பட்டறையில் எல்லோரும் வெளியே ஓடி வந்து இறக்கையைப் பார்ப்பார்கள். நான் வாலைப் பார்ப்பேன். அது எந்தத் தேசத்துக் கொடியாக இருந்தாலும், தன் வேலையையும் விடாமல், பிறர் மனத்தில் இருப்பதையும் அழிக்காமல், ஒரு மனிதர் வெறுங்காலோடு வந்து வைத்த அந்த ஒரு விரல் மஞ்சளைத்தான் என் கண் இன்னும் அங்கே தேடிக்கொண்டிருக்கிறது.